கல்வியா, கலவியா: தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்ப்பது

'கல்வி' என்ற சொல்லின் நடு எழுத்துக்கு மேலே ஒரு புள்ளி. அது காணாமல் போனால் 'கலவி'. பள்ளி ஆண்டு விழா ஃப்ளெக்ஸில் இப்படி நடந்தால் மாலைக்குள் ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றிவிடும், பழி டைப் அடித்தவர் தலையில் விழும். பல நேரம் அவர் புள்ளியைச் சரியாகத்தான் வைத்திருப்பார். எழுத்துருவில் அந்தப் புள்ளி கடுகளவு இருந்திருக்கும். அதைச் சுற்றி மஞ்சள் அவுட்லைன், அதற்கு வெளியே சிவப்பு அவுட்லைன், பிறகு ஒரு நிழல். இத்தனைக்கும் நடுவே புள்ளி கரைந்துவிட்டது. எழுத்தைப் போட்டவர் தப்பவில்லை, எழுத்துருவை எடுத்தவர் தப்பினார்.

தமிழில் வடிவமைக்கும் பலர் எழுத்துருவைத் தேர்வது இப்படி: பட்டியலைத் திறப்பார்கள், 'வணக்கம்' என்றோ தங்கள் பெயரையோ அடிப்பார்கள், கண்ணுக்கு அழகாக இருப்பதை எடுத்துக்கொள்வார்கள். 'வணக்கம்' என்ற சொல்லில் எழுத்துருவைச் சோதிக்க ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. கொம்பு இல்லை, துணைக்கால் இல்லை, உகரம் இல்லை, கிரந்தம் இல்லை. ண ஒன்றுதான் கொஞ்சம் சிக்கலான எழுத்து. பெண் பார்க்கப் போய் வாசல் கோலத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதைப் போன்றது இது.

எந்த எழுத்துருவாக இருந்தாலும் முதலில் அடித்துப் பார்க்க வேண்டிய வரி ஒன்று சொல்கிறேன். பொருள் தேட வேண்டாம், எழுத்துகளைப் பாருங்கள்:

'ஔவை நகர் ஸ்ரீலக்ஷ்மி பூக்கடை: ஜூன் 10 முதல் கொடிமுல்லைக் கட்டு ₹250, ஞாயிறு மூடியிருக்கும், கூழாங்கல் தூணுக்கு எதிரில் டூவீலர் நிறுத்த இடம் உண்டு.'

ஔ என்ற எழுத்தின் பின்பாதி சிறிய ள. அது முழு அளவு ள ஆகத் தெரிந்தால் படிப்பவர் 'ஒளவை' என்று தடுக்கி விழுவார். 'ஸ்ரீ' ஒரே கூட்டெழுத்தாக வர வேண்டும். ஸ, புள்ளி, ரீ என்று மூன்றாக உடைந்து வந்தால் அந்த எழுத்துருவில் அதற்கான வடிவம் இல்லை, அல்லது நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் அதைக் கோக்கத் தெரியாதது. 'ஸ்ரீ'யை யூனிகோடில் இரண்டு விதமாக அடிக்கலாம், வழக்கமான ஸ வைத்தும், 2005இல் சேர்க்கப்பட்ட ஶ வைத்தும். நல்ல எழுத்துரு இரண்டையும் ஒன்றுபோலக் காட்டும். 'லக்ஷ்மி'யில் க்ஷ தன் அகலத்துக்கு நடுவே புள்ளியைத் தாங்குகிறதா, அல்லது புள்ளி ஒரு ஓரத்தில் தொங்குகிறதா என்று பாருங்கள். பூ, ஜூ, மூ, கூ, தூ, டூ ஆகிய ஆறும் தமிழ் எழுத்துரு வடிவமைப்பாளரின் பொறுமையைச் சோதிக்கும் இடங்கள். ஆகாரத்துக்கு ஒரு துணைக்கால் போட்டால் எல்லா மெய்க்கும் பொருந்திவிடும். உகர, ஊகார வரிசை அப்படியில்லை. கு, சு, டு, து, ரு, மு என்று ஒவ்வொன்றும் தனித்தனி வளைவு. பதினெட்டு மெய்க்கும் இரண்டிரண்டாக முப்பத்தாறு வடிவங்களைத் தனியாக வரைந்தாக வேண்டும். அவசரத்தில் செய்த எழுத்துருவில் முதலில் பல்லிளிப்பது இந்த வரிசைதான். ஞூ, ஙூ போன்றவை யாருக்கும் தேவைப்படாது என்று விட்டுவிடுவார்கள், அது பரவாயில்லை. டூ கோணலாக இருந்தால் மன்னிக்க முடியாது. டூத்பேஸ்ட், டூவீலர், டூரிஸ்ட் என்று தெருவில் அந்த எழுத்துக்கு வேலை அதிகம்.

₹ குறி யூனிகோடில் சேர்ந்தது 2010இல். அதற்கு முன் வந்த எழுத்துருக்களில் அது இருக்காது. அந்த இடத்தில் மென்பொருள் வேறொரு எழுத்துருவிலிருந்து குறியைக் கடன் வாங்கிப் போடும், அல்லது வெற்றுக் கட்டம் காட்டும். விலைப்பட்டியல் அடிக்கும்போது இது முகத்தில் அறையும். எண்களையும் கவனியுங்கள். அலங்கார எழுத்துரு பலவற்றில் தமிழ் அழகாக இருக்கும், 1, 0, 5 என்பவை எங்கிருந்தோ பிடித்து ஒட்டியவை போல இருக்கும். கல்யாணப் பத்திரிகையில் தேதி, முகூர்த்த நேரம், கைப்பேசி எண் எல்லாம் எண்கள்தானே.

இந்தச் சோதனையில் தேறிய பிறகு குழப்பும் ஜோடிகள். கொடி, கோடி. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வேறுபாடு ஒரு சின்னச் சுழி. தடித்த எழுத்தில், சிறிய அளவில் அந்தச் சுழி அடைத்துக்கொள்ளும். 'கொடி ஏற்றம்' என்ற கோயில் திருவிழா நோட்டீஸ் 'கோடி ஏற்றம்' ஆகும். துணைக்காலும் ர எழுத்தும் இன்னொரு ஜோடி. ர எழுத்துக்குக் கீழே சாய்ந்து இறங்கும் வால் உண்டு, துணைக்காலுக்கு இல்லை. நவீனமாக இருக்கட்டும் என்று வாலைக் குட்டையாக வெட்டிய எழுத்துருவில் 'பாரம்' என்பதை நான்கு எழுத்தாகப் படிப்பதா மூன்றாகப் படிப்பதா என்று கண் ஒரு நொடி தடுமாறும். ழ, மு, ழு மூன்றும் கீழே வளைந்து போகும் கோட்டின் முடிவால்தான் வேறுபடுகின்றன. எ, ஏ வேறுபாடு ஒரு சாய்வுக் கோடு. ன, ண வேறுபாடு ஒரு சுழி. படிப்பவர் இவற்றை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை, சொல்லின் மொத்த உருவத்தைப் பார்த்து ஊகிக்கிறார். பழகிய சொல்லென்றால் ஊகம் கைகொடுக்கும். ஆள்பெயர், ஊர்ப்பெயர், மருந்துப் பெயர் என்றால் கைவிடும். பெயர்ப்பலகைக்கு எழுத்துரு எடுக்கும்போது கூடுதல் கண்டிப்பு தேவை என்று சொல்வது இதனால்தான்.

ஆங்கிலத்துக்கு வகுத்த அளவுகளை அப்படியே தமிழுக்குப் போடுவதுதான் அடுத்த பெரிய கோளாறு. ஆங்கில உரைக்கு வரி இடைவெளி எழுத்தளவில் 1.2 முதல் 1.45 மடங்கு இருந்தால் நன்றாக இருக்கும். தமிழுக்கு அது போதாது. மேலே மேல்விலங்கும் (இகர, ஈகாரக் குறி) புள்ளியும் நிற்கின்றன, கீழே ஊகாரச் சுழி இறங்குகிறது. மேல் வரியில் 'சூளை', அதற்கு நேர் கீழே 'வீதி' என்று அமைந்தால் சூவின் வால் வீயின் கொண்டையில் இடிக்கும். திரையில் படிக்கும் உரைக்கு 1.6 முதல் 1.75 வரை வையுங்கள். அச்சுப் புத்தகத்தில் 11 புள்ளி (எழுத்தை அளக்கும் 'பாயின்ட்') எழுத்துக்கு 15 அல்லது 16 புள்ளி வரி. இரண்டே வரியுள்ள தலைப்புக்கு 1.3 வரைக்கும் குறைக்கலாம். ஆனால் அந்த இரண்டு வரியில் எந்த எழுத்து எதன்மேல் வருகிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான். செயலிகளில் பொத்தானின் உயரத்தை ஆங்கிலத்தை வைத்து நிர்ணயித்துவிட்டுப் பிறகு தமிழைக் கொண்டுவந்து திணிப்பார்கள். 'நீக்கு' என்ற பொத்தானில் நீயின் தலை வெட்டுப்பட்டு நிற்பதை எத்தனையோ செயலிகளில் பார்க்கலாம்.

அகலமும் அப்படித்தான். பதிவிறக்கு, அமைப்புகள், கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா என்பவற்றை எழுத்தெண்ணிக்கையில் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் ண, ஞ, ணை, னௌ போன்றவை ஒவ்வொன்றும் ஆங்கில எழுத்து இரண்டு மூன்றின் இடத்தைப் பிடிக்கும். இடம் போதவில்லை என்றதும் டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) பழக்கத்தில் என்ன செய்கிறோம்? எழுத்தைப் பக்கவாட்டில் 70 சதவீதத்துக்கு நசுக்குகிறோம். நசுக்கினால் நின்ற கோடுகள் மெலியும், கிடந்த கோடுகள் அப்படியே இருக்கும். எழுத்து காய்ச்சல் கண்டதுபோல் ஆகிவிடும். இதற்கு இப்போது நல்ல வழி இருக்கிறது. எக் டைப் குழுவின் அனேக் தமிழ் எழுத்துருவில் தடிமனைப் போலவே அகலத்தையும் மாற்றலாம். அகல அளவு 75 முதல் 125 வரை, தடிமன் 100 முதல் 800 வரை. ஒவ்வொரு அகலத்திலும் கோட்டின் தடிமனைக் கணக்கிட்டுத் திருத்தி வரைந்திருப்பதால் ஒடுங்கிய எழுத்தும் ஆரோக்கியமாகவே இருக்கும். நீளமான பெயரை ஒரே வரிக்குள் அடக்க 75க்கு இறக்குங்கள், நசுக்கும் வேலை வேண்டாம்.

எழுத்து இடைவெளி பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலப் பெரிய எழுத்துகளை விரித்து வைத்தால் ஒரு மிடுக்கு வரும். அழகுசாதனக் கடை, கட்டடக்கலை நிறுவனம் எல்லாவற்றின் சின்னத்திலும் பார்க்கலாம். அதே விரிப்பைத் தமிழுக்குக் கொடுத்தால் கொம்பு ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம் என்று குடும்பம் பிரிந்துவிடும். 'சோலை' என்பது கொம்பு, ச, கால், பிறகு இன்னொரு கொம்பு என்று வரிசையில் நிற்கும் குச்சிகளாகத் தெரியும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஒவ்வொரு துணுக்கும் தனி எழுத்தாகவே கணக்கில் இருப்பதால் இது இன்னும் மோசம். தமிழில் இந்த அளவைச் சுழியத்திலேயே விடுவது நல்லது. மிடுக்கு வேண்டுமென்றால் மெல்லிய தடிமனை எடுத்துச் சுற்றிலும் வெற்றிடம் விடுங்கள்.

சாய்வெழுத்தும் தமிழுக்கு மரபில் இல்லாத ஒன்று. மென்பொருளில் சாய்வுப் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலான எழுத்துருக்களில் அது எழுத்தைப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளிவிடும், அவ்வளவுதான். வலியுறுத்தத் தடிமனை மாற்றலாம், நிறத்தை மாற்றலாம். தடிமனிலும் ஒரு வலை இருக்கிறது. மீரா இனிமை, பவனம் போன்றவற்றில் ஒரே தடிமன்தான் உண்டு. அதைத் தேர்ந்துவிட்டுப் போல்டு பொத்தானை அழுத்தினால் மென்பொருள் தானாகவே எழுத்தின் ஓரத்தைத் தடிக்கச் செய்து 'பொய்ப் போல்டு' தயாரிக்கும். ஆங்கிலத்தில் அது ஓரளவு தப்பித்துவிடும். தமிழில் ண, ன, ள, ல ஆகியவற்றின் சுழிகள் சாந்து பூசியதுபோல் அடைபடும். இணையதளத்தில் இதைத் தடுக்க ஸ்டைல்ஷீட்டில் 'ஃபாண்ட்-சிந்தெசிஸ்' என்ற பண்பை 'நன்' என்று வைத்துவிடலாம். அப்போது இல்லாத தடிமனை உலாவி இட்டுக்கட்டாது. தலைப்பு தடிக்கவில்லையே என்று உங்களுக்கும் உடனே தெரிந்துவிடும்.

இனி ஃப்ளெக்ஸ் கணக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம், ஏனென்றால் தமிழ் எழுத்துருக்கள் அதிகம் கொலையாகும் களம் இதுதான்.

பலகை எழுத்துக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்துயரம். 50 அடியிலிருந்து சிரமமில்லாமல் படிக்க 5 அங்குலம். இது கம்ப்யூட்டரில் காட்டும் புள்ளி அளவு இல்லை, ப என்ற எழுத்தின் உண்மையான உயரம். 72 புள்ளி என்றால் ஓர் அங்குலம் என்று பாடப்புத்தகம் சொல்லும். அது எழுத்து உட்கார்ந்திருக்கும் பெட்டியின் அளவு. பெட்டிக்குள் மேலே மேல்விலங்குக்கும் கீழே சுழிக்கும் இடம் விட்டிருப்பார்கள், ப மட்டும் ஏறக்குறைய பாதிதான் இருக்கும், எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். ஆக 5 அங்குல ப வேண்டுமென்றால் பெட்டி 10 அங்குலம், அதாவது 720 புள்ளி. 10 அடிக்கு 8 அடி ஃப்ளெக்ஸ் என்பது 120க்கு 96 அங்குலம். ஓரம் போக அகலத்தில் 110 அங்குலம் மிஞ்சும். ஓர் எழுத்துக்குச் சராசரி 8, 9 அங்குலம் என்றால் ஒரு வரிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று எழுத்து. வரிக்கு 14 அங்குலம் விட்டால் ஆறு வரி. முழு ஃப்ளெக்ஸுக்கும் எழுபது, எண்பது எழுத்து! அதிலும் பாதியைப் படங்கள் எடுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் நாற்பது எழுத்தில் சித்தப்பா, பெரியப்பா, மாமா வகையறா அத்தனை பேரின் பெயரையும் போடச் சொன்னால் எந்த எழுத்துருவாலும் காப்பாற்ற முடியாது. சாலையில் போகிறவர் படிக்க வேண்டிய வரிகள் எவை, மண்டப வாசலில் நின்று சொந்தக்காரர்கள் தேடிப் படிக்கும் வரிகள் எவை என்று பிரித்துவிடுங்கள். முதல் வகைக்கு 5 அங்குலம், இரண்டாம் வகைக்கு 1 அங்குலம் போதும்.

அச்சுக்கு அனுப்பும் முன் சரிபார்க்க ஒரு மலிவான வழி உண்டு. ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று சுருக்கினால் 10க்கு 8 அடி ஃப்ளெக்ஸ் 10க்கு 8 அங்குலமாகும், ஏ4 தாளில் படுக்கைவாட்டில் அடங்கிவிடும். அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள். 50 அடி தூரம் என்பது இந்த அளவில் 50 அங்குலம், நான்கடிக்குக் கொஞ்சம் மேல். அங்கே நின்று படியுங்கள். கண்ணை இடுக்க வேண்டியிருந்தால் ஃப்ளெக்ஸிலும் அப்படித்தான். வடிவமைத்தவர் படிக்கக் கூடாது, அவருக்கு எல்லாம் மனப்பாடம். டீ கொண்டுவரும் பையனிடம் காட்டுங்கள்.

அவுட்லைன் போடுவதைத் தவிர்க்கவே முடியாது என்றால் கோட்டின் வெளிப்பக்கமாக மட்டும் போடுங்கள். நடுவில் வைத்தால் பாதி அவுட்லைன் எழுத்துக்குள் புகுந்து அதை மெலியவைக்கும். வெளிப்பக்க அவுட்லைன்கூடச் சுழியின் உட்புறத்தை நிரப்பத்தான் செய்யும். ண எழுத்தின் மிகச் சிறிய சுழியின் உள்அகலத்தை அளந்து, அவுட்லைன் அதில் கால் பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால், இரு பக்கமும் சேர்ந்து பாதி போனாலும் நடுவில் வெளிச்சம் மிஞ்சும். பின்னணிக்கும் எழுத்துக்கும் நிறத்தில் போதிய வேறுபாடு இருந்தால் அவுட்லைனே தேவைப்படாது. அடர்நீலத்தில் வெள்ளை, மஞ்சளில் கறுப்பு. சிவப்பில் பச்சை வைக்கவே வேண்டாம்.

கல்யாணப் பத்திரிகையில் பிரச்சினை வேறு வகை. தூரம் இல்லை, கையில் வைத்துப் படிப்பது. ஆனால் தாத்தா பாட்டி படிப்பார்கள். மெரூன் தாளில் தங்க ஃபாயில் ஒட்டும்போது கால் மில்லிமீட்டருக்கும் மெல்லிய கோடுகள் சரியாக ஒட்டாமல் விட்டுப்போகும். நெருக்கமான சுழிகளோ ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும் எழுத்துரு திரையில் பட்டுப்போல் இருக்கும், ஃபாயிலில் மெலிந்த பகுதி காணாமல் போய் எழுத்து துண்டு துண்டாக நிற்கும். ஃபாயிலுக்கு ஒரே தடிமனுள்ள கோடுகளைக் கொண்ட எழுத்துருவை எடுங்கள். அழகெழுத்து ஆசையை மணமக்கள் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முகவரியும் எண்ணும் 10 புள்ளிக்குக் குறையாத சாதாரண எழுத்துருவில் இருக்கட்டும். நான்கு நிற ஆஃப்செட்டில் சிறிய எழுத்தைத் தனிக்கறுப்பில் மட்டும் அடியுங்கள். நான்கு மையும் கலந்த கறுப்பில் போட்டால் தகடு ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் நீலமும் சிவப்பும் எட்டிப்பார்க்கும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து விடும்போது மை உள்ளே கசிந்து எழுத்தை மெலியவைக்கும். ஒரு படி தடித்ததை எடுப்பது நல்லது.

பத்திரிகைக்குப் பழைய வடிவ 'லை', 'னை' வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்து வரும் ஐகாரம் அது. பெரியார் 1935இலேயே குடி அரசு இதழில் மாற்றிக்கொண்ட எழுத்துகளை, 1978இல் தமிழ்நாடு அரசு ஆணையாக்கியது. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகாரங்கள், ணை, லை, ளை, னை என்று மொத்தம் பதின்மூன்று. பழைய வடிவத்துக்கு ஒரு பாரம்பரிய வாசனை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பள்ளிக்குப் போனவர்களுக்குப் பழைய 'றா'வும் 'ணா'வும் அன்னிய எழுத்து. தலைப்பில் ஓர் அலங்காரமாக வைக்கலாம், மண்டபத்தின் முகவரியில் வைத்தால் விருந்தினர் வேறு மண்டபத்துக்குப் போய்விடுவார்.

எழுத்தின் அளவு செலவைத் தீர்மானிக்கும் என்பது அச்சு வந்த காலத்திலேயே தெரிந்த விஷயம். ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் 1713இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. மிகப் பெரிய எழுத்துகள். தாளை விழுங்கின. தாளோ கப்பலில் வர வேண்டியது. பக்கத்திலேயே பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்ட பிறகுதான் வேலை ஓடியது, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது. இன்றைக்கும் 300 பக்கப் புத்தகத்துக்கு எழுத்துருவை மாற்றினால் இருபது முப்பது பக்கம் கூடும், குறையும். பதிப்பகத்தில் இருப்பவர்களுக்கு இது புரியும். 16 பக்க ஃபாரம் ஒன்று கூடினால் தாள், மை, பைண்டிங் எல்லாம் கூடும். அதற்காக 9 புள்ளிக்கு இறங்கிவிடாதீர்கள். அகலம் குறைந்த, ஆனால் ப உயரமாக உள்ள எழுத்துருவை 10.5இல் வைத்தால் தாளும் மிஞ்சும், கண்ணும் பிழைக்கும்.

கைவசம் இலவசமாகக் கிடைப்பவற்றில் எதை எதற்கு எடுப்பது? என் தீர்ப்பு இது, சண்டைக்கு வரலாம். படிவம், ரசீது, அரசு அறிவிப்பு போன்ற வறண்ட வேலைகளுக்கு முக்தா மலர். ஏழு தடிமன்கள் இருக்கின்றன, ஆங்கிலமும் அதே குடும்பத்தில் அளவு பொருந்தி வருகிறது. செயலிக்கு ஹிந்த் மதுரை அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ். கதை, கட்டுரைப் புத்தகத்துக்கு டைரோ தமிழ். ஆனால் அதில் போல்டு இல்லை, தலைப்பை அளவால்தான் வேறுபடுத்த வேண்டும். போல்டு கட்டாயம் என்றால் நோட்டோ செரிஃப் தமிழ். தலைப்புக்குக் கட்டமரன், ஒன்பது தடிமன்கள். முறுக்கு, மிட்டாய், குழந்தைகள் பொருள் என்றால் பலூ தம்பி, உருண்டையான கன்னத்தோடு சிரிக்கும். கவிவாணர் கையெழுத்துச் சாயலில் சாய்ந்திருக்கும், நாலு வார்த்தைக்கு மேல் அதில் எழுதாதீர்கள். இரங்கல் அறிவிப்பைப் பலூவில் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சொற்கள் துக்கம் சொல்லும், எழுத்து கேலி செய்யும். பார்ப்பவருக்கு எழுத்துருவின் பெயர் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்பது மட்டும் உறைக்கும். இவை எல்லாம் திறந்த உரிமத்தில் வருபவை. வணிக வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம், எழுத்துருக் கோப்பைத் தனியாக விற்கத்தான் கூடாது.

தமிழும் ஆங்கிலமும் ஒரே வரியில் வரும்போது இரண்டும் ஒரே புள்ளி அளவில் இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆங்கிலச் சிறிய எழுத்தின் உயரத்தைவிடத் தமிழின் ப சற்றே உயரமாக, பெரிய எழுத்தைவிடத் தாழ்வாக இருந்தால் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். வேறு வேறு குடும்பத்திலிருந்து எடுத்தால் ஒன்றை 90, 95 சதவீதத்துக்கு மாற்றிப் பொருத்த வேண்டியிருக்கும். கோட்டின் தடிமனும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தமிழ் மெலிந்தும் ஆங்கிலம் தடித்தும் இருந்தால் ஆங்கிலச் சொற்கள் மட்டும் கத்துவதுபோல் இருக்கும்.

இத்தனையும் சரியாகச் செய்தபின் மென்பொருள் காலை வாரும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் யூனிகோடு தமிழை ஒட்டினால் 'தெரு' என்பதில் கொம்பு த எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்தான் சேமிக்கப்படுகிறது, அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. ப்ரிஃபரன்ஸஸில் டைப் பகுதிக்குப் போய், 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்பதைத் தேர்ந்துவிட்டுப் புதிய கோப்பைத் திறந்தால் சரியாகும். ஏற்கெனவே திறந்திருக்கும் கோப்பில் மாறவில்லையே என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இன்டிசைனில் பத்திப் பலகத்தின் மெனுவில் 'வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்'.

இந்தத் தொல்லைக்குப் பயந்துதான் பலர் இன்னமும் பாமினியிலும் செந்தமிழிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்தவை. பாமினியில் 'தமிழ்' என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஐந்தும்தான் தெரியும். அச்சுக்கு மட்டும் என்றால் ஒப்பேற்றலாம். அதே வாசகத்தை இணையத்தில் போட வேண்டுமென்றால் என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஆங்கிலச் சொற்களையும் மேற்கோள் குறிகளையும் தனியாகச் சரிபாருங்கள். நடுவில் இருந்த ஆங்கில முகவரியையும் தமிழென்று நினைத்து அது உளறலாக மாற்றியிருக்கும். இன்னொன்று, 'ர்' இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும். பழைய எழுத்துருக்கள் சிலவற்றில் ர் என்பதை வாலில்லாமல் வரைவதால் அடிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. சில எழுத்துருக்களில் அந்த இடத்தில் புள்ளிவட்டம் ஒன்று முளைக்கும். கண்டுபிடித்து மாற்றும் வசதியில் துணைக்கால்-புள்ளி ஜோடியைத் தேடி ர் என்று ஒரே வீச்சில் மாற்றிவிடலாம்.

அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பில் எழுத்துகளைக் கர்வ்ஸ், அதாவது வெறும் கோட்டு வடிவங்கள் ஆக்கிவிடுங்கள், கோரல்டிராவில் கன்ட்ரோல் க்யூ. அப்போது அவர்களிடம் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் வடிவம் மாறாது. கர்வ்ஸ் ஆக்கும் முன் எழுத்தாகவே உள்ள கோப்பு ஒன்றை வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். கர்வ்ஸ் ஆனபின் விட்டுப்போன புள்ளியைச் சேர்க்க வேண்டுமென்றால் வட்டம் வரையும் கருவியைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.